ஸ்கேலுக்கு அடியில் இருந்த பெயர்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், அடையாளப் பதிவு அலுவலகத்தின் முதுநிலைச் சரிபார்ப்பு அலுவலர் அவர்கள், முப்பத்தோரு ஆண்டுகள் பிறருடைய வாழ்க்கையைத் துருவிப் பார்த்தது போதும் என்று முடிவுசெய்து, தமது சொந்த வாழ்க்கையை நாட்டு மக்களுக்கு வழங்கத் திருவுளம் கொண்டுவிட்டார். நாற்பது அத்தியாயங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒன்று. இணையத்தில், இலவசமாக, கதவு தாழ்ப்பாள் எதுவும் இல்லாமல். வருவோர் போவோர் எல்லாரும் படிக்கலாம். படிக்காதவர்களை அவர் மன்னிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நாட்டு மக்கள் இதற்காக ஏங்கிக் கிடந்தார்கள் என்பதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. முதல் அத்தியாயத்துக்கு ஒன்பது லைக் விழுந்தது. அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று கைதவறி விழுந்தது.

அலுவலகத்தில் அவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். கவுண்டருக்கு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "ஒரிஜினல் எங்க?" என்பதுதான். சக ஊழியர் ஒருவர் பிறந்து இருபது நாளான குழந்தையைத் தூக்கிவந்து காட்டியபோது, அனிச்சையாகக் கையை நீட்டிப் பிறப்புச் சான்றைக் கேட்டார் என்று ஒரு வதந்தி உலவியது. அது வதந்தியாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது மாடி, மூன்றாம் எண் கவுண்டர். அடையாளப் பதிவில் படம் மாற்ற, தொலைபேசி எண் மாற்ற, முகவரி மாற்ற, வீடு விற்பவர் தான்தான் அந்த வீட்டுக்காரர் என்று சான்று பெற, எல்லாத் தாள்களும் அவர் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். மேசையில் ஒரு கணினி, ஒரு முத்திரை, பன்னிரண்டு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று. அந்த ஸ்கேல்தான் முக்கியம். ஒரு விண்ணப்பம் கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், விண்ணப்பதாரரின் பெயர் மேல் ஸ்கேலைக் கிடத்துவது. அடுத்து இடது உள்ளங்கையால் படத்தை மூடுவது. அதற்குப் பிறகுதான் முத்திரை, கையெழுத்து, எண்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடத் தொடங்குவார்.

"பேரைப் பாத்தா பாசம் வரும், மூஞ்சியப் பாத்தா பரிதாபம் வரும். தாளைப் பாத்தா மட்டும்தான் உண்மை வரும்" என்பது அவருடைய கொள்கை. தலைமை அலுவலகம் இதை 'ஸ்கேல் முறை' என்று பெயரிட்டு மற்றக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அன்றிலிருந்து அவர் ஸ்கேலைத் துடைத்து வைக்கத் தனியாக ஒரு துணி வாங்கினார்.

அவர் பெயரைச் சொல்லும் இன்னொரு விதியும் உண்டு. பதிவில் ஏதாவது மாற்றினால் உரியவருக்குக் குறுஞ்செய்தி போகும். ஏழு நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் மாற்றம் நிலைத்துவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது. சரி, மாற்றப்படுவதே தொலைபேசி எண்ணாக இருந்தால், செய்தி பழைய எண்ணுக்குப் போக வேண்டுமா, புதிய எண்ணுக்கா? இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு சுற்று டீ ஆனது. பழைய எண் தொலைந்துபோனதால்தானே புது எண் கேட்கிறார்கள், ஆகவே புதிய எண்ணுக்கே அனுப்புக என்று முடிவாகியது. முன்மொழிந்தவர் ஒரிஜினல். குறிப்பு எழுதியவரும் அவரே.

ஒருமுறை ஒரு பெண்மணி வந்தார். பதிவில் இருந்த படம் பத்து வருடத்துக்கு முந்தியது, இப்போது ஆள் பாதியாக இளைத்திருந்தார். நான்தான் சார் அது, என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார். ஒரிஜினல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டார்: "நீங்கதான்னு நீங்க சொன்னா போதுமாம்மா?"

அந்தப் பெண்மணி, "வேற யாரு சார் சொல்லணும்?" என்றார். அந்தக் கேள்வி அவர் காதில் ஏறவில்லை. ஆனால் தன்னுடைய வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

அத்தியாயங்களில் என்னதான் இருந்தது? எல்லாம் இருந்தது. பிறந்த தேதி, நேரம், மருத்துவமனைக் கட்டிலின் எண். முதல் பள்ளி. முதல் சைக்கிள். அப்பாவின் உத்தியோகம். திருமண நாள். வேலையில் சேர்ந்த உத்தரவின் படம். அடையாள அட்டையின் படம் இரண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தில் வெளிச்சம் சரியில்லை என்று மறுநாள் புதிதாக எடுத்துப் போட்டார்.

எல்லாம் இருந்தது என்றால் எல்லாம் உண்மை என்று பொருளில்லை. உண்மையில் அவர் படித்தது ஒரு மரவாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். அத்தியாயத்தில் அது மணிக்கூண்டு வைத்த கல்கட்டடப் பள்ளியாக எழுந்து நின்றது. அப்பா அதே மரவாடியில் கேட் காவலாளி. எழுத்தில் அவர் கணக்கு மேலாளராக உயர்ந்தார், இறந்து இருபது வருடம் கழித்துக் கிடைத்த பதவி உயர்வு. நாய் வளர்த்ததே கிடையாது, பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை கடித்ததோடு சரி. அந்த நாய் இப்போது 'கேப்டன்' என்ற பெயரில், எசமானனுக்காக உயிரைவிடத் துணிந்த தோழனாக ஆறாம் அத்தியாயம் முழுக்க வாலாட்டியது.

அவர் மனைவி மட்டும் கேட்டார். "கொட்டகைலதானே படிச்சீங்க? மழை பெஞ்சா லீவுன்னு சொல்வீங்களே."

"இலக்கியத்துல கொட்டகைய யாரும் ரசிக்க மாட்டாங்க" என்றார் ஒரிஜினல்.

மகள் வேறு ஊரில் ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒன்பதாம் அத்தியாயம் வந்த அன்று போன் செய்தாள். முதலில் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள். அவர் சுற்றலிலேயே நின்றுகொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்ததால், நேராகவே சொல்லிவிட்டாள்.

"அப்பா, நீங்க எழுதுறது சுயசரிதை இல்ல. பாஸ்வேர்டு மறந்துபோனா நாலு கேள்வி கேப்பாங்களே, அதுக்கு விடைத்தாள்."

முப்பத்தோரு வருடமாக இந்த ஊரில் யார் யார் என்று முடிவு செய்கிறவனுக்கே பாடமா என்று அவர் சிரித்தார். நான் யாருன்னு தெரியுமா உனக்கு, என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும்ப்பா. இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் பயமா இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டு, பிள்ளைகளின் அறியாமை பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாமா என்று யோசித்தார்.

பத்தாம் நாளிலிருந்து ஒரு வாசகர் வரத் தொடங்கினார். படம் இல்லை, பெயர் 'உங்கள் நிழல்'. ஆறு மணிக்கு அத்தியாயம் வெளிவந்தால் ஆறு நாலுக்கு அவருடைய கருத்து விழும். ஒருநாள்கூடப் பிசகியதில்லை. ஐயா, கண்ணில் நீர் தளும்பியது. ஐயா, அந்தக் கல்கட்டடத்தில் எத்தனை படிகள்? ஐயா, கேப்டன் என்ன நிறம்? ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. படிகளை எண்ணிச் சொன்னார், இல்லாத நாய்க்கு நிறம் சொன்னார். பதினெட்டாம் நாள் நிழல் ஒரு சிறு விண்ணப்பம் வைத்தார்: ஐயாவின் கையெழுத்து கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன். ஒரிஜினல் வெள்ளைத் தாளில் முழுக் கையெழுத்தைப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினார். இரண்டு அனுப்பினார், பிடித்ததை வைத்துக்கொள்ளட்டும் என்று.

இருபத்திரண்டாம் நாள் இன்னொரு விண்ணப்பம். என் அம்மாவுக்குப் பார்வை இல்லை, ஐயாவின் குரலிலேயே கேட்டால் மகிழ்வார். ஒரிஜினல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரொலி நன்றாக வரும் என்பதால், மூன்று அத்தியாயங்களை உரக்கப் படித்துப் பதிவு செய்தார். மனைவி வெளியே நின்று, யார்கிட்டங்க பேசுறீங்க உள்ள, என்று கேட்டதும் அதில் பதிவாகியது.

இருபத்தாறாம் அத்தியாயம் வெளியான செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் ஒரு சிறிய விழாவே நடந்தது. இணையவழி வரும் விண்ணப்பங்கள் கீழ்த்தளத்தில் அச்சாகிக் கட்டுக்கட்டாக மேலே வரும். அன்றைய கட்டில் ஒன்று அவர் கையை நிறுத்திவிட்டது. படம் மாற்றம், எண் மாற்றம், ரகசியக் கேள்விகளுக்குப் புது விடைகள், எல்லாம் ஒரே விண்ணப்பத்தில். கோரியிருந்த ஏழு ஆவணங்களும் கோரிய வரிசையில். முத்திரைகள் மங்கவில்லை. கையெழுத்து மூன்று இடத்திலும் அச்சில் வார்த்தது போல. அடையாள அட்டையின் பின்பக்கம்கூட நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தது.

ஸ்கேலைப் பெயர் மேலும் கையைப் படத்தின் மேலும் வைத்தபடியே, பக்கத்துக் கவுண்டரில் டோக்கன் கொடுக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒரு சுத்தமான ஃபைல் நான் பாத்ததில்ல. யாரு பெத்த பிள்ளையோ."

டோக்கன் அம்மா எட்டிப் பார்த்து, ஸ்கேலை எடுத்தால்தானே சார் யாருன்னு தெரியும், என்றார். விதியை மீறச் சொல்லும் விளையாட்டுப் பேச்சு அவருக்குப் பிடிக்காது. முத்திரையைக் குத்தினார். அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் அதை முன்மாதிரி என்று தூக்கிக் காட்டினார், பெயர் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு.

புதன்கிழமை காலை அவர் போனில் சேவை இல்லை என்று வந்தது. செல்போன் கோபுரக் கோளாறு என்று நினைத்தார். ஆகட்டும், போன் இல்லாமல் மனிதன் வாழ முடியாதா, இதையே ஓர் அத்தியாயமாக்கலாம் என்று உற்சாகமாகக்கூட இருந்தார். வீட்டுக் கணினியில் எழுத உட்கார்ந்தால் கடவுச்சொல் தவறு என்றது. மூன்று முறை தட்டினார். மூன்று முறையும் கணினி அவரைத் தெரியாது என்றது. தொழில்நுட்பக் கோளாறு, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு இருபத்தெட்டாம் அத்தியாயம் வெளியாகியது.

அவர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் மனைவி தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அத்தியாயத்தின் தலைப்பு: 'என் மனைவியிடம் நான் சொல்லாதது'. அவள் பேசும்போதெல்லாம் நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு தாமதமானது மட்டும்தான் நினைவிருக்கிறது. ஒரு நாளாவது அவளை உட்காரச் சொல்லி நான் டீ போட்டுக் கொடுத்ததில்லை. இப்படிப் போனது. எழுதியவன் துப்பறிந்து கண்டுபிடித்தது எதுவும் இல்லை. பெரும்பாலான கணவன்மார்களுக்குப் பொருந்தும் குற்றப்பத்திரிகைதான். ஆனால் நடை நன்றாக இருந்தது. ஒரிஜினலின் நடையை விட நன்றாக இருந்தது.

அவர் வாயில் நுரையோடு, நான் எழுதலையே, என்று சொல்லத் தொடங்கினார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இதையாவது இல்லேன்னு சொல்லிடாதீங்க."

அவர் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். ஆயிரத்து நூறு லைக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயிரத்து நூற்றிரண்டு. பயம் வரத்தான் செய்தது. ஆனால் பயத்துக்கு முன்பாக இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வாயைக் கொப்பளித்தார். மறுக்கவில்லை.

அந்த மறுக்காமை அவருக்கு மூன்று நாள் செலவு வைத்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அத்தியாயம் வந்தது. அலுவலகத்தில் மேலாளரே எழுந்து வந்து கைகொடுத்தார். இந்த வயசில இப்படி ஒரு மனமாற்றமா சார், என்று டோக்கன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரிஜினல் அடக்கமாகத் தலையசைத்தார். வீட்டில் மனைவி அவரைப் பார்க்கும் பார்வையில் புதிதாக ஏதோ இருந்தது. ஒருமுறை டீ போடவும் போனார். பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. வெளியே ஒரு கணவன் மனைவி, கையில் அளவு நாடா. மன்னிக்கணும், பால்கனி மட்டும் அளந்துக்கறோம், ஓனர் உங்ககிட்ட சொல்லியிருப்பாரே என்றார்கள். எந்த ஓனர் என்று கேட்டார் ஒரிஜினல். அவர்கள் சொன்னது அவர் பெயரை.

"ரொம்பத் தன்மையான மனுஷன்" என்றாள் அந்தப் பெண், நாடாவை இழுத்தபடி. "வாடகைக்கு இருக்கறவங்க வயசானவங்க, கொஞ்சம் பாத்துப் பேசுங்கன்னு வேற சொன்னாரு."

இந்த வீடு இருபத்து மூன்று வருடமாக அவருடையது. ஜன்னல் கம்பிக்கு அவரே வருடாவருடம் வர்ணம் அடிக்கிறார். அந்த இருவரும் ஒன்பது அடி இரண்டு அங்குலம் என்று குறித்துக்கொண்டு போன பிறகும் அவர் கதவைச் சாத்தாமல் நின்றார். பிறகு மனைவியின் போனை வாங்கித் தன்னுடைய எண்ணுக்கே போன் செய்தார்.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"வணக்கம். சொல்லுங்க" என்றது குரல். அவருடைய குரல். அதே கரகரப்பு, அதே நிறுத்தல். குளியலறை எதிரொலிகூட மெல்லியதாகப் பின்னால் இருந்தது.

யார் நீ, என்று கேட்டார் அவர். அந்தக் குரல் தன் பெயரைச் சொன்னது. அது என் பெயர், என் எண், என் வீடு என்று இவர் கத்தினார். மறுமுனை அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தது. கவுண்டரில் அவர் இருப்பது போலவே.

"நீங்கதான்னு நீங்க சொன்னா போதுமா?" என்றது.

பிறகு இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அந்த எண் மனைவியின் போனிலிருந்து போன அழைப்புகளை எடுக்கவில்லை.

மகளுக்குப் போன் போட்டார்கள். விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார்கள். கடைசியில் அவள், நேத்து அரை மணி நேரம் உங்ககிட்ட பேசினேனே அப்பா, என்றாள். எச்சரித்தபோது கேட்காமல் போனதற்கு மன்னித்துவிடு என்று அப்பா சொன்னாராம். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் அவளிடம் பத்திரமாக இருந்தது. இணையத்தில் வைத்திருப்பதை எல்லாம் அழிக்கப் போகிறேன், அதற்கு முன் ஒரு பிரதி அனுப்பு என்று கேட்டாராம். அனுப்பிவிட்டாள்.

"அப்பா மன்னிப்புக் கேக்கறாரேன்னு முதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள். "அப்புறம் சந்தோஷமா இருந்துச்சு. அதுலதான் ஏமாந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காவல் நிலையத்துக்குப் போனார். புகாரைப் பதிவு செய்ய அடையாள எண் கேட்டார்கள். எண்ணைத் தட்டினால் திரையில் வேறு முகம் வந்தது. எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை மூடிவிட்டு, பதிவு அலுவலகத்திலிருந்து நீங்கள்தான் நீங்கள் என்று ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். அந்தக் கடிதத்தை இந்த ஊரில் யார் கொடுக்க வேண்டும் என்பது ஒரிஜினலுக்கு நன்றாகவே தெரியும். அவர்தான்.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றார். அவருடைய கணினி அவரை உள்ளே விடவில்லை. டோக்கன் அம்மாதான் தன் கணினியில் அவர் எண்ணைப் போட்டுக் கோப்பைத் தேடி எடுத்தார். திரையில் அந்த முகம். எங்கேயும் பார்த்த முகம் போலவும் எங்கேயும் பார்க்காத முகம் போலவும் இருந்தது. தலை நன்றாக வாரியிருந்தது. ஒரிஜினல் பதிவுப் படத்துக்கு ஒருநாளும் இவ்வளவு அழகாக வாரியதில்லை.

யார் இதை அனுமதித்தது என்று உறுமினார். டோக்கன் அம்மா அலமாரியிலிருந்து தாள் கோப்பை எடுத்துவந்து வைத்தார். வரிசை தப்பாத ஏழு ஆவணங்கள். மங்காத முத்திரைகள்.

"நீங்கதான் சார் பாஸ் பண்ணீங்க. சுத்தமான ஃபைலுன்னு எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினீங்களே."

அவர் ஸ்கேல் இல்லாமல் முதல்முறையாக அந்தப் பெயரைப் படித்தார். இன்ஷியல் உட்படச் சரியாக இருந்தது.

கணக்குப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியோடு ஏழு நாள் முடிகிறது. ஆட்சேபம் கேட்டுக் குறுஞ்செய்தி போயிருக்கிறது, விதிப்படி புதிய எண்ணுக்கு. பழைய எண்ணுக்கும் அந்த முகத்தைக் காட்டி நகல் சிம் வாங்கியாகிவிட்டது. உரியவர் அதைப் படித்து, ஆட்சேபம் இல்லை என்று நன்றியுடன் பதில் அனுப்பியிருக்கிறார். ஐந்து மணிக்குள் அதை முறிக்காவிட்டால், நன்றாகத் தலை வாரிய அந்த ஆள்தான் இனி அவர். அந்தப் பெயர், அந்தப் பெயரில் இருக்கும் வீடு, முப்பத்தோரு வருடம், எல்லாம் அந்த முகத்துக்குச் சொந்தம்.

முறிக்க ஒரு வழிதான் உண்டு. நேர்முகச் சரிபார்ப்பு. ஐந்து கேள்வி, நான்குக்காவது சரியான விடை. அதற்கும் டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார வேண்டும். திங்கள் முழுதும் உட்கார்ந்தார், முறை வரவில்லை. செவ்வாய் மாலை நான்கு இருபதுக்கு மேலாளர் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

மேலாளர் அவரோடு பன்னிரண்டு வருடம் டீ குடித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல படிச்ச பள்ளிக்கூடம் எது சார்?"

ஒரிஜினல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உயிர் தொண்டைக்கு வரும்போது மனிதனுக்கு இலக்கியம் கைகொடுப்பதில்லை. "மரவாடிக்குப் பின்னாடி… ஒரு கொட்டகை" என்றார்.

மேலாளர் திரையைப் பார்த்தார். "முதல்ல வளத்த பிராணி?"

"எதுவும் வளக்கல. பக்கத்து வீட்டு நாய் ஒண்ணு கடிச்சுது."

மேலாளரின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தத் திரையில் இருப்பது அவருடைய வாழ்க்கை இல்லை. அவர் எழுதிய வாழ்க்கை. நிழல் ஒரு வரி விடாமல் படித்து, அதையே விடைகளாகப் பதிந்து வைத்திருக்கிறான். ஊரில் ஒருவன்தான் அந்தப் புத்தகத்தை முழு விசுவாசத்தோடு படித்தவன்.

மூன்றாவது, அப்பாவின் தொழில். "கணக்கு மேலாளர்" என்றார் அவசரமாக. அது சரியாக இருந்தது. அந்த வேகத்தில் நிமிர்ந்து, முதல் இரண்டையும் மாத்திக்கறேன் சார், கல்கட்டடப் பள்ளி, கேப்டன், பழுப்பு நிறம், படிகூட பதினாலு, என்று மூச்சு விடாமல் சொன்னார்.

மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். விடையை மாற்றிச் சொல்பவரையும், ஒன்றுக்கொன்று முரணான விடை தருபவரையும் ஆள்மாறாட்டக்காரராகக் கருதி மேற்கொண்டு விசாரணையை நிறுத்துக. கீழே இருந்த கையெழுத்தை அவர் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"உங்களுக்கு என்னைத் தெரியும்" என்றார் ஒரிஜினல். குரல் இறங்கியிருந்தது. "பன்னெண்டு வருஷமா தெரியும். தெரியும்னு எழுதுங்க. அது போதும்."

மேலாளர் பேனாவை எடுத்தார், திரும்ப மேசையில் வைத்தார்.

"தெரியும் சார். நல்லாத் தெரியும்" என்றார். "ஆனா நான் சொன்னா போதுமா?"

சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐம்பது. கையெழுத்தைப் போட்டுக் காட்டட்டுமா என்று கெஞ்சினார். போட்டார். அவசரத்தில் கடைசிச் சுழி கோணிக்கொண்டது. கோப்பில் இருந்த கையெழுத்தோ, சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது. ஐந்து மணிக்குத் திரையில் ஒரு பச்சைக் குறி தோன்றியது. பதிவு நிலைத்தது என்று அதற்குப் பொருள்.

சரிபார்க்கப்படாத ஒருவர் மற்றவர்களைச் சரிபார்க்க முடியாது என்பதால், புதன்கிழமை மூன்றாம் எண் கவுண்டர் டோக்கன் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரிஜினல் ஸ்கேல் துடைக்கும் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அலுவலகப் பொருள் என்பதால் ஸ்கேலை எடுக்க விதியில்லை.

வீட்டில் அத்தியாயங்கள் வந்துகொண்டே இருந்தன. மனைவிக்கு உண்மை தெரியும். இருந்தும் ஆறு மணிக்குப் போனை எடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நீங்க எழுதலதான்" என்றார் ஒருநாள். "எழுதியிருக்கலாம்." ஒரிஜினல் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாற்பதாம் அத்தியாயம் வெளியான செவ்வாய்க்கிழமை காலை, மூவாயிரம் பேர் வாழ்த்தினார்கள். அதில் ஆசிரியர், தன்னை உருவாக்கிய அலுவலகத்துக்கும், தன் மேல் ஒருநாளும் சந்தேகப்படாத சக ஊழியர்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார். இனி வேறு ஊர் போகப்போவதாகவும், வீட்டைக் கொடுத்துவிட்டதாகவும், வாசகர்கள் தங்கள் சொந்தக் கதையை எழுதி அனுப்பலாம், ஒவ்வொன்றையும் தானே படிப்பதாகவும் இருந்தது. பதினோரு மணிக்குள் இருநூறு பேர் எழுதி அனுப்பியிருந்தார்கள், பிறந்த தேதியோடு.

அதே பதினோரு மணிக்கு, மூன்றாம் எண் கவுண்டருக்கு ஒரு வீட்டு விற்பனைத் தாள் வந்தது. எதிரே நாற்காலியில், தலையை நன்றாக வாரியிருந்த ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். டோக்கன் அம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கேலை எடுத்துப் பெயர் மேல் வைத்தார். வைக்கும்போது கை சற்று அவசரப்பட்டது. இடது உள்ளங்கையால் படத்தை மூடினார். முத்திரைகளைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், எண்களை இரண்டு முறை ஒப்பிட்டார்.

தாள் சரியாக இருந்தது.